சாம்பல் நிற நாட்டுக்கோழி: நிறம் நிலைக்கும்படி வளர்த்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சாம்பல் சேவலும் சாம்பல் பெட்டையுமாகச் சோடி வாங்கி வந்து, பொரித்த குஞ்சில் கால்வாசி கறுப்பாகவும் கால்வாசி அழுக்கு வெள்ளையாகவும் வந்ததும் "விற்றவன் ஏமாற்றிவிட்டான்" என்று கிளம்பியவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். போன தையில் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி பெட்டியோடு வந்து நின்றான். "ஏனுங்ணா, ரெண்டும் பூதிதானுங்க. குஞ்சு மட்டும் எப்படிங்க காக்காயாட்டம் வருது?" பெட்டிக்குள் பத்துக் குஞ்சு. நான்கு கறுப்பு, நான்கு சாம்பல், இரண்டு வெளிறியவை. ஏறக்குறையக் கணக்குப்படிதான் வந்திருந்தது. அவனுக்குக் கணக்கு தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் பூதி என்று சொல்லும் இந்தச் சாம்பல் நிறத்தைச் சிறுவிடைக் கோழிகளில், அதாவது சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழிகளில், எப்படிக் கொண்டுவருவது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். பெருவிடைக்கும் இதே முறைதான். வரிசையை மாற்றாதீர்கள். தடுமாறியவர்களில் பெரும்பாலோர் பின்னால் செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்தவர்கள்.

1. கணக்கை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்

உடம்பு முழுக்கக் கறுப்பான கோழியின் கறுப்பை வெளுக்க வைக்கும் காரணி ஒன்று உண்டு. ஒரு பறவை அந்தக் காரணியைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பங்கு மட்டும் வாங்கினால் சாம்பல். இருவரிடமிருந்தும் இரண்டு பங்கு வாங்கினால் வெள்ளை உடம்பில் சாம்பல் தண்ணீரைத் தெளித்தது போலத் திட்டுத் திட்டாக வரும். இதை ஸ்பிளாஷ் என்பார்கள். நான் தெளிப்பு என்றே எழுதுகிறேன். காரணியே இல்லாதது கறுப்பு.

இதிலிருந்து ஆறு சோடிகள்:

கறுப்பு × கறுப்பு: எல்லாம் கறுப்பு.
கறுப்பு × சாம்பல்: பாதி கறுப்பு, பாதி சாம்பல்.
சாம்பல் × சாம்பல்: கால் கறுப்பு, பாதி சாம்பல், கால் தெளிப்பு.
சாம்பல் × தெளிப்பு: பாதி சாம்பல், பாதி தெளிப்பு.
தெளிப்பு × தெளிப்பு: எல்லாம் தெளிப்பு.
கறுப்பு × தெளிப்பு: எல்லாம் சாம்பல்.

கடைசி வரியைப் பாருங்கள். சாம்பலே இல்லாத சோடிதான் நூற்றுக்கு நூறு சாம்பல் தருகிறது. சாம்பலைச் சாம்பலோடு பத்துத் தலைமுறை கட்டினாலும் இந்தப் பாதிக் கணக்கு மாறாது. அதனால் நாம் போக வேண்டிய இடம் ஒரு தெளிப்புச் சேவலும் ஆறேழு நல்ல கறுப்புப் பெட்டைகளும்.

இந்த விகிதங்கள் பெரிய எண்ணிக்கைக்குத்தான் பொருந்தும். ஓர் அடையில் பத்துக் குஞ்சு பொரித்து ஏழு கறுப்பாக வந்தால் பதறாதீர்கள். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஐந்துக்கு ஐந்தாகவா விழுகிறது?

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

தனித்தனியாக அடைக்க மூன்று தடுப்புகள். வலை போட்டு, மேலும் மூடியிருக்க வேண்டும். நாட்டுச் சேவலுக்கு ஆறடி வலையெல்லாம் ஒரு தாவல்.

கால் வளையங்கள் நான்கைந்து நிறத்தில், பல அளவில். பென்சில். கெட்டி அட்டை நோட்டு ஒன்று. கைப்பேசியில் குறித்துக்கொள்கிறேன் என்பவர்கள் ஆறு மாதத்தில் எதைக் குறித்தோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள். தடுப்பின் கதவில் நூல் கட்டித் தொங்கும் நோட்டுதான் கடைசிவரை ஓடும்.

பிறகு காலம். நாட்டுப் பெட்டை முட்டைக்கு வர ஆறேழு மாதம் ஆகும். சோதனைக்கு ஒரு தலைமுறை, தெளிப்புச் சேவலை எடுக்க ஒரு தலைமுறை, அதற்குப் பிறகுதான் முழுச் சாம்பல் குஞ்சுகள். ஒன்றரை வருடம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் குஞ்சாகவே சாம்பல் வாங்கி வளர்த்துவிடுங்கள், குறையொன்றுமில்லை.

3. உங்களிடம் இருப்பது எந்தச் சாம்பல் என்று சோதியுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இதுதான். பார்வைக்குச் சாம்பலாகத் தெரிவதெல்லாம் மேலே சொன்ன காரணியால் வருவதல்ல. லாவண்டர் என்று இன்னொன்று உண்டு. அது இரண்டு பங்கு சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பங்கு இருந்தால் கோழி கறுப்பாகவே இருக்கும். இரண்டுக்கும் கணக்கு வேறு.

முதலில் கண்ணால் பார்க்கலாம். நம் காரணிச் சேவலுக்குக் கழுத்து மயிரும் முதுகுத் தோகையும் உடம்பைவிட நன்றாகக் கருத்திருக்கும். நெஞ்சு இறகுகளின் ஓரத்தில் கருங்கோடு ஓடும். புதியவர்கள் இதைக் கலப்பு என்று நினைத்து நல்ல சேவலைக் கழித்துவிடுகிறார்கள். லாவண்டர் தலையிலிருந்து வால் வரை ஒரே வெளிர் சாம்பலாக, ஓரக்கோடு இல்லாமல் இருக்கும். கழுத்தில் செம்மயிர் இருக்கிற பறவையானால் இன்னும் எளிது. நம் காரணி கறுப்பைத்தான் வெளுக்கும், சிவப்பைப் பெரிதாகத் தொடாது. லாவண்டர் சிவப்பையும் வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

கண் போதாது, குஞ்சைக் கேளுங்கள். சாம்பல் சேவலை, வேறு ஊரிலிருந்து வாங்கிய கறுப்புப் பெட்டைகளோடு விடுங்கள். குஞ்சு பாதிக்குப் பாதி சாம்பலும் கறுப்புமாக வந்தால் நம் காரணி. எல்லாமே கறுப்பாக வந்தால் லாவண்டர் என்று சந்தேகப்படலாம். எட்டுக் குஞ்சாவது பாருங்கள். நம் காரணி இருந்தும் எட்டில் ஒன்றுகூடச் சாம்பலாக வராமல் போக 256-ல் ஒரு வாய்ப்புதான். மூன்று குஞ்சை வைத்து முடிவு கட்டினால் எட்டில் ஒரு முறை தவறும்.

தெளிப்பு என்று சொல்லி விற்கும் வெள்ளைச் சேவலுக்கும் இதே சோதனைதான். பண்ணைக் கோழி ரத்தம் கலந்த வெள்ளையில் ஒரு வகை, கறுப்பை மறைத்துக்கொண்டு அங்கங்கே சில கரும்புள்ளிகளோடு நிற்கும். பார்த்தால் தெளிப்பு மாதிரியே இருக்கும். கறுப்புப் பெட்டையோடு விட்டால் குட்டு வெளிப்படும். உண்மையான தெளிப்பானால் குஞ்சு எல்லாமே சாம்பல். பண்ணை வெள்ளையானால் வெள்ளையும் கறுப்பும் கலந்து வரும், அல்லது எல்லாமே வெள்ளையாக வரும். புள்ளியின் நிறத்தையும் உற்றுப் பாருங்கள். தெளிப்பில் திட்டுகள் சாம்பலாக இருக்கும், பண்ணை வெள்ளையில் புள்ளிகள் அட்டக் கறுப்பாக இருக்கும்.

4. கறுப்புப் பெட்டைகளைத் தேர்ந்தெடுங்கள்

சாம்பல் கோழி வளர்ப்பில் முக்கால்வாசி வேலை கறுப்புக் கோழியில்தான் இருக்கிறது. சாம்பல் என்பது வெளுத்த கறுப்பு. அடியிலிருக்கும் கறுப்பு சுத்தமில்லையென்றால் மேலே வரும் சாம்பலும் சுத்தமாக இருக்காது. எல்லோரும் சேவலுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பெட்டையைக் கிடைத்த விலைக்கு வாங்குகிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் செய்வேன்.

பட்டப்பகலில் பெட்டையைப் பிடித்து இறக்கையை விரித்துப் பாருங்கள். கழுத்து மயிரை விரலால் பிரித்து அடிவரை பாருங்கள். செம்பட்டை, பழுப்பு, பொன்னிறம் எதுவும் இருக்கக் கூடாது. வெயில் பட்டால் பச்சை மின்ன வேண்டும். ஊதா மின்னுவதைவிடப் பச்சை மின்னுவதே நல்லது.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும் பெட்டை ஏமாற்றும். பெட்டைக்குக் கழுத்திலும் முதுகிலும் செம்மயிர் கொண்டுவரும் கூறு இருந்தாலும் மேலே கறுப்பாகவே தெரியலாம். அதே கூறு அவள் மகனுக்குப் போனால் ஆறாம் மாதம் கழுத்திலும் தோள்பட்டையிலும் செம்பு நிறம் எட்டிப்பார்க்கும். ஆகவே பெட்டையின் தரத்தை அவளுடைய சேவல் குஞ்சுகளை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு பெட்டையின் முட்டையையும் தனியாகக் குறித்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு பொறி, அணில் கோடு. பொரித்த குஞ்சின் முதுகில் அணிலுக்குப் போல் நீளக்கோடு இருந்தால் அது முழுக் கறுப்பு வழியில் வந்ததல்ல. முழுக் கறுப்புக் கூறு ஒரு பங்கு இருந்தாலே கோட்டை மறைத்துவிடும். ஆகவே கோடு தெரிகிறதென்றால் தாய், தந்தை இரண்டுமே அந்தக் கூறை ஒரு பங்கு மட்டும் வைத்திருக்கின்றன என்று பொருள். பெட்டையை மட்டும் கழித்துவிட்டுச் சேவலை வைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடமும் கோடு வரும்.

கறுப்பு கிடைக்கவில்லை என்று கடக்நாத் பெட்டையைக் கொண்டுவராதீர்கள். நானே செய்த தப்பு இது. கடக்நாத்தில் இறகின் கறுப்பு வேறு, தோலும் இறைச்சியும் கருப்பது வேறு. இரண்டும் தனித்தனிக் கூறுகள். இறகை வாங்கப் போய்த் தோலையும் சேர்த்து வாங்கிவந்தேன். கழித்த சேவல்களைக் கறிக்குக் கொடுத்தபோது, உரித்துப் பார்த்துவிட்டு "என்னங்க, கெட்டுப்போன மாதிரி இருக்குது" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கருந்தோலை வழியிலிருந்து களைய எனக்கு மூன்று தலைமுறை ஆனது. வனராஜா, கிராமப்பிரியா போன்ற கலப்பினங்களில் கருத்திருப்பதையும் விட்டுவிடுங்கள். அவை எடைக்கும் முட்டைக்கும் உருவாக்கியவை. உள்ளே என்ன நிறம் ஒளிந்திருக்கிறது என்று தெரியாது.

5. சேவலை மாற்றினால் 21 நாள் பொறுங்கள்

பெட்டையின் உடம்பில் சேவலின் விந்து இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். பழைய சேவலை எடுத்துவிட்டுப் புதிய சேவலை விட்ட மறுநாளே முட்டை சேர்த்தால், பொரிக்கும் குஞ்சு யாருடையது என்று அடித்துச் சொல்ல முடியாது. மூன்று வாரம் வரும் முட்டைகளைச் சாப்பிட்டுவிடுங்கள். அதன்பின் சேர்ப்பதுதான் அடைக்கு.

திறந்து மேயும் பெட்டையைச் சந்தையில் வாங்கியிருந்தாலும் இதே கணக்கு. ஊர்ச்சேவல் ஏதாவது மிதித்திருக்கும்.

ஒரு சேவலுக்கு எட்டுப் பெட்டை வரை தாராளமாக விடலாம். அதற்கு மேல் போனால் கூமுட்டை கூடும்.

6. முட்டை சேர்த்தலும் அடையும்

முட்டையில் பென்சிலால் தடுப்பு எண்ணும், எந்தப் பெட்டை இட்டது என்பதும், தேதியும் எழுதுங்கள். மை வேண்டாம், ஓட்டின் துளை வழியே உள்ளே இறங்கும். ஏழு நாளுக்கு மேல் பழைய முட்டையை வைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் ஐந்து நாளே அதிகம். ஈரமணல் பரப்பிய சட்டிக்கு மேல் இன்னொரு சட்டியில் வைத்து நிழலில் வையுங்கள்.

அடைக்கோழியானால் பத்து, பன்னிரண்டு முட்டை போதும். நிறக் கணக்குக்கு நிறையக் குஞ்சு தேவைப்படுவதால் நான் இன்குபேட்டரில்தான் வைக்கிறேன். விசிறி உள்ளதில் 37.5 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65-க்கு மேல்.

18-ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தும்போதே ஒவ்வொரு தடுப்பு முட்டையையும் தனித்தனி வலைக்கூடைக்குள் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் பொரிக்க விட்டால், ஓட்டில் எழுதியது ஓட்டோடு போய்விடும். அதுவரை செய்ததெல்லாம் வீண்.

7. பொரித்த அன்றே குறியிடுங்கள்

ஈரம் காய்ந்ததும், குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புரூடர் கூண்டுக்கு மாற்றுமுன், குறியிட்டுவிட வேண்டும். நாளைக்குச் செய்யலாம் என்றால் நாளைக்கு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து நிற்கும்.

கோழியின் முன்விரல்களுக்கு நடுவே ஒரு காலுக்கு இரண்டு சவ்வு, ஆக நான்கு. துளையிடும் சிறு கருவியால் இவற்றில் துளையிட்டால் பதினாறு விதமாகக் குறிக்கலாம், துளையே இல்லாததையும் சேர்த்து. இது வாழ்நாளுக்கும் நிற்கும். கருவியைக் கொதிநீரில் போட்டு எடுங்கள், துளையில் மஞ்சள் தடவுங்கள். முதல் முறை செய்பவர் பழகியவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வளையம் மட்டும் போடுபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவு மாற்ற வேண்டும். ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டையைப் போட்டுவிட்டு மறந்ததில் என் சாம்பல் வெடைக்கோழி ஒன்றுக்குக் கால் சதைக்குள் பட்டை புதைந்துவிட்டது. பிழைத்தது, ஆனால் நொண்டும்.

குறியிடும்போதே தூவி நிறத்தை நோட்டில் எழுதுங்கள். கறுப்புக் குஞ்சு முதுகு கருத்து, வயிறும் தொண்டையும் வெளிர்மஞ்சளாக இருக்கும். சாம்பல் குஞ்சு அடுப்புச் சாம்பல் நிற முதுகும் வெளிர் வயிறுமாக இருக்கும். தெளிப்பு ஏறக்குறைய வெள்ளை, உற்றுப் பார்த்தால் லேசான சாம்பல் சாயல். கறுப்புக் குஞ்சின் வயிறு வெளுத்திருக்கிறதே என்று கழித்துவிட்டவர்கள் உண்டு. அது இயல்பு.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஐந்தாவது நாளுக்கும் ஏழாவது நாளுக்கும் இடையில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. நடுவில் போட வேண்டியவற்றை உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிறத்தில் கவனம் வைத்துத் தடுப்பூசியை விட்டவர்களுக்கு நிறமும் மிஞ்சவில்லை, கோழியும் மிஞ்சவில்லை.

8. நிறத்தைப் பார்த்துக் கழிப்பது எப்போது

மூன்று முறை பாருங்கள்: பொரித்த அன்று, எட்டாவது வாரம், ஆறாவது மாதம்.

முதல் நாளில் கறுப்பு, சாம்பல், தெளிப்பு எது என்பதையும் அணில் கோட்டையும் மட்டும் பார்க்க முடியும். எட்டாவது வாரத்தில் இறக்கை நுனியில் ஓரிரு வெள்ளை இறகு இருந்தால் விட்டுவிடுங்கள். முழுக் கறுப்பு வழிக் குஞ்சுகளுக்கு அது வந்து, அடுத்த இறகு உதிர்ப்பில் பெரும்பாலும் போய்விடும். இந்த வெள்ளையைப் பார்த்துவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்ற சேவல், வாங்கியவர் வீட்டில் ஆறாம் மாதம் அட்டகாசமான சாம்பலாக நிற்கும். எனக்கு நடந்திருக்கிறது.

கழுத்துச் செம்பு, தோள் செம்பு, ஓரக்கோட்டின் அழுத்தம் ஆகியவை ஆறாம் மாதத்தில்தான் தெரியும். சேவலை அதற்கு முன் முடிவு செய்யவே கூடாது.

9. தெளிப்புச் சேவலை எடுத்து, கறுப்புப் பெட்டையோடு கட்டுங்கள்

சோதனையில் தேறிய சாம்பல் சேவலை, அதற்கு உறவில்லாத சாம்பல் பெட்டைகளோடு விடுங்கள். நான்கில் ஒன்று தெளிப்பு, அதில் பாதிதான் சேவல். ஆக, எட்டுக் குஞ்சுக்கு ஒரு தெளிப்புச் சேவல். தேர்ந்தெடுக்க மூன்று நான்காவது வேண்டுமென்றால் முப்பது குஞ்சு பொரிக்க வேண்டும்.

தெளிப்பில் செம்மயிர் பளிச்சென்று தெரியும். வெள்ளை மேல் குங்குமம் சிந்தியது போலிருக்கும். இது ஒரு வசதி. கறுப்பில் ஒளிந்துகொள்ளும் குறை இங்கே ஒளிய முடியாது. தோளில் துளி மஞ்சள் இருந்தாலும் அந்தச் சேவல் வேண்டாம்.

தேறிய தெளிப்புச் சேவலை நான்காவது படியில் தேர்ந்த கறுப்புப் பெட்டைகளோடு விடுங்கள். 21 நாள் கணக்கு இங்கேயும் உண்டு. இனிப் பொரிக்கும் அத்தனையும் சாம்பல். நடுவில் ஒரு கறுப்புக் குஞ்சு வந்தால் கணக்கைச் சந்தேகப்படாதீர்கள், வேலியைச் சந்தேகப்படுங்கள்.

சாம்பல் மிக வெளிறி வந்தால் அடுத்த முறை இன்னும் ஆழ்ந்த கறுப்புள்ள பெட்டையை வையுங்கள். வெளிர் சாம்பல்தான் அழகு என்று ஒவ்வொரு தலைமுறையிலும் வெளிர்ந்ததையே எடுத்துப்போனால் ஓரக்கோடு மங்கி, கோழி கழுவிப்போட்ட துணி மாதிரி ஆகிவிடும்.

10. வெயிலையும் தீவனத்தையும் நிறக்குறையோடு குழப்பாதீர்கள்

பங்குனி வெயிலில் மேய்ந்த சாம்பல் கோழி ஆனியில் செம்பட்டையடித்து நிற்கும். இது பிறவிக்குறை அல்ல, பழைய இறகு வெளுத்தது. ஓர் இறகைப் பிடுங்கிவிட்டு ஏழெட்டு வாரம் பொறுங்கள். நிழலில் அடைத்திருக்கும்போது முளைக்கும் புது இறகு சுத்தச் சாம்பலாக வந்தால் கோழி நல்ல கோழி. அதிலும் செம்மை வந்தால் ரத்தத்திலேயே இருக்கிறது.

இறகு முளைக்கும் காலத்தில் வெறும் கம்பும் சோளமும் போட்டால் இறகு மெலிந்து மின்னல் குறையும். லைசின் என்ற புரதக்கூறு குறைந்த தீவனத்தில் கறுப்பு இறகில் வெள்ளை விழுவதும் உண்டு. முதல் எட்டு வாரம் 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனம் கொடுங்கள். அதன்பிறகு கரையான், அசோலா, கருவாட்டுத்தூள் என்று கையில் கிடைப்பதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

11. ரத்தம் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்

நிறம் பிடித்துவிட்டது என்று அண்ணன் தங்கையையே கட்டிக்கொண்டு போனால் மூன்றாவது தலைமுறையில் முட்டை பொரிக்காது, பொரித்தது பிழைக்காது. நிறம் மட்டும் அருமையாக இருக்கும்.

கறுப்புப் பெட்டைகளை இரண்டு தடுப்பில், இரண்டு வழியாக வைத்திருங்கள். பெட்டைக்குஞ்சுகள் பிறந்த தடுப்பிலேயே இருக்கட்டும், சேவல் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை தடுப்பு மாறட்டும். புது ரத்தம் வேண்டுமானால் கறுப்புப் பெட்டையாகவே வாங்குங்கள். சாம்பலாக வாங்கினால் மூன்றாம் படிச் சோதனையை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

தெளிப்புச் சேவல் எப்போதும் இரண்டு இருக்கட்டும். ஒன்றை நாய் தூக்கிய வருடம், நான் மறுபடி சாம்பல் சோடியிலிருந்து தொடங்கி எட்டு மாதம் காத்திருந்தேன். இப்போது இரண்டாவது சேவலை மாமனார் வீட்டுத் தோட்டத்தில் விட்டு வைத்திருக்கிறேன். அங்கே ஊர்ப்பெட்டைகளோடு அவன் போட்ட கணக்கில், அந்தத் தெருவில் அரைச் சாம்பலும் கால் சாம்பலுமாக எல்லா வீட்டு வாசலிலும் குஞ்சு மேய்கிறது.